டோர்ட்முண்ட் போய்ச் சேரும்வரை எதுவும் சொல்லாதே

ஹரோ, லண்டன்.

பேரன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு, அண்ணர் மகன் தில்லையம்பலம் வணக்கத்துடன் எழுதுவது.

வழக்கமாக உங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்குவேன். இந்த முறை உங்கள் நலத்தை அறிந்துவிடாமல் இருக்க நான் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன். கோபப்படாமல் வாசிக்கவும். மருத்துவர் கோபம் கூடாது என்றிருக்கிறாராம்.

மகள் விதுஷாவின் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்க, தொண்ணூற்றொரு வயதில் நீங்கள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் நினைவிழந்து கிடக்கிறீர்கள் என்று செய்தி வந்தது. உங்களுக்கு ஏதும் ஆனால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அந்தத் தீட்டு கழியும்வரை கல்யாணம் செய்யக்கூடாது. நானூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை பகுதி ஜெர்மனி என்பதால் மண்டபமும் அங்கேதான். ஐயரைக் கேட்டேன். "காதில விழுந்தால்தான் துடக்கு" என்றார். அன்றே வீட்டில் எல்லாப் போனையும் நிற்பாட்டினேன். உங்கள்மேல் பாசமில்லாமல் அல்ல சித்தப்பா. பதினெட்டு வயதில் என்னைக் கொழும்புவரை கூட்டிவந்து விமானம் ஏற்றிவிட்டு, வெளியே நின்று அழுதவர் நீங்கள். அதை நினைத்து நினைத்து நான் நித்திரை கொள்ளவில்லை.

நாங்கள் போவது சவுத்எண்ட் என்கிற சின்ன விமான நிலையத்திலிருந்து டோர்ட்முண்ட் என்கிற இன்னொரு சின்ன விமான நிலையத்துக்கு. இணையத்தில் பார்த்தேன். ஆகாயத்தில் நானூற்றெண்பது கிலோமீற்றர், ஒரு மணி ஐந்து நிமிடம். அந்த நேரம் மட்டுமாவது எந்தச் செய்தியும் என்னை எட்டாது என்று ஆறுதலாக இருந்தது. கனடாவில் சம்பந்தம் செய்திருந்தால் எட்டு மணி நேரம் நிம்மதியாக இருந்திருக்கலாம் என்றுகூட மனைவி சிவமலரிடம் சொன்னேன்.

ஏறி இருந்தால், கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்த தங்கச்சி சற்குணம் அழுது வீங்கிய முகத்தோடு நேர் பின்சீற்றில். "அண்ணை, சித்தப்பா..." என்று தொடங்கினாள். "இப்ப ஒண்டும் சொல்லாதை" என்று காதுக்குள் பஞ்சை அடைத்தேன். அவள் வாந்தி எடுக்கிற பையில் ஏதோ எழுதி முன்னுக்கு நீட்டினாள். வாசிக்காமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். கண்ணை மூடி நிமிடம் எண்ணினேன். ஒரு மணி ஐந்து நிமிடம் முடிந்தும் விமானம் இறங்குகிற பாடில்லை. கீழே பனிமூட்டமாம், நாற்பது நிமிடம் ஒரே ஊரைச் சுற்றியது. இணையத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. சற்குணம் என் தோளைத் தட்டத் தொடங்கவும் எழுந்து கக்கூசுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். விமானப் பணிப்பெண் கதவைத் தட்டி வெளியே வரச்சொன்னபோது அவளுக்குப் பின்னால் சற்குணம் நின்றாள். வந்து என் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள்.

"ஒரு மனிசன் உயிரோட இருக்கிறாரெண்டு சொல்ல எனக்கு இவ்வளவு பாடோ? சித்தப்பா எழும்பியிருந்து சவ்வரிசிக் கஞ்சி குடிச்சவர். கலியாண வீடியோ காட்டச் சொன்னவர். நான் அழுதது சந்தோசத்தில, விசரன்!"

சீற்றில் போய் இருந்து நான் அழுத அழுகையில், பக்கத்திலிருந்த ஜெர்மன்காரர் தன் கைக்குட்டையைத் தந்துவிட்டார். கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. உங்களையும் சாகவிடாமல், மகளின் தாலியையும் தள்ளிப்போடாமல் விட்ட நல்லூரானுக்கு அடுத்த ஆவணியில் நேரில் வந்து கும்பிடுவேன். அதுவரை கஞ்சியை நிறுத்தாமல் குடியுங்கள். சின்னம்மாவுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
தில்லையம்பலம்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும்போது டோர்ட்முண்டிலிருந்து சம்பந்தி இராசரத்தினம் போன் எடுத்தார். அவருடைய கூடப்பிறந்த தமையன் கல்யாணத்துக்கு முதல்நாளே கொழும்பில் காலமாகிவிட்டாராம். "எனக்கு மட்டும்தான் தெரியும் அண்ணை. தாலி ஏறட்டும் எண்டு இருந்திட்டன், குறை நினைக்கப்படாது" என்றார். மண்டபத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார், சித்தப்பா. பெண்ணைக் கொடுக்கிற நானே அழவில்லை, எடுக்கிற இந்த மனிதர் ஏன் அழுகிறார் என்று சிவமலரிடம் சொல்லிச் சிரித்தவன் நான்.