சைடு காரில் நான் கத்திய வரலாறு

தைரியசாலி என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவன் முதலில் கவனிக்க வேண்டியது, பக்கத்தில் டேப் ரிக்கார்டர் ஓடுகிறதா என்பதைத்தான். இருபத்தைந்து வயதில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில், வரலாற்றுத் துறையில் ட்யூட்டராக இருந்தேன். (பேராசிரியர்கள் பாடம் நடத்துவார்கள், ட்யூட்டர் வருகைப் பதிவேட்டைச் சுமப்பான். அவ்வளவுதான் வித்தியாசம்.) அந்த வருஷம் துறையில் கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. ஒருவர் நாயக்கர் காலத்துக் காசுகள் என்றார். இன்னொருவர் செப்பேட்டு நகல் என்றார். முதுமக்கள் தாழி கொண்டு வருவதாக ஒருவர் கையைத் தூக்கினார். நான் எழுந்து, "மோட்டார் பந்தயம்" என்றேன்.

எனக்கு மோட்டார் பைத்தியம் அப்படி. ஓட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். இறக்கம் வந்தால் சைக்கிளை விட்டே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ரகம் நான்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பைக்கு, காரெல்லாம் வரலாறாய்யா? அதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாச்சாரம்."

"சார், ஐம்பதுகள்ல நம்ம பட்டறைக்காரங்க காளவாசல்ல ஆரம்பிச்சு ரோட்டுலயே பந்தயம் விட்டிருக்காங்க. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல. பார்த்தவங்க போயிட்டா அம்புட்டும் போச்சு சார்!"

"சரி, ஒரு மேசை தாரேன். மேசைல வைக்கப் பொருள் இருக்கணும். வெறுங்கையால முழம் போட்டீர்னா அடுத்த வருஷமும் பதிவேடுதான்."

இரண்டு மாதம் நோட்டும் கையுமாகப் பட்டறை பட்டறையாக அலைந்தேன். கிரீஸ் படியாத சட்டை என்னிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏழு பேரைப் பேட்டி கண்டேன். ஏழு பேருமே ஒரே பந்தயத்தில் முதலாவதாக வந்திருந்தார்கள்! எட்டாவதாக ஒரு வெல்டிங் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"அலங்காநல்லூர்ப் பக்கம் பேச்சியம்மாள்னு இருக்காங்க. மெக்கானிக் சுந்தரத்தோட சம்சாரம். அவர் இறந்து ஆறு வருஷமாச்சு. அந்தம்மாதான் அன்னைக்கு சைடு கார்ல உக்காந்து போனது. ரெண்டாவது வந்தாங்க. வண்டி இன்னும் வீட்டுலதான் கெடக்காம்."

இரண்டாவதாக வந்தவர்! இத்தனை நாளில் நான் கேட்ட முதல் உண்மை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று உடம்பு புல்லரித்தது. மறுநாள் காலையிலேயே அலங்காநல்லூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

ஊர்க் கோடியில் வீடு. மாட்டுக் கொட்டகையில் இரண்டு எருமைகளுக்கு நடுவே அது நின்றது. யுத்தகாலத்து மிலிட்டரி மோட்டார் சைக்கிள். இடது பக்கம், படகை வெட்டி ஒட்டியது போல சைடு கார். அதன் மூக்கில் மங்கிய வெள்ளைப் பெயின்டில் பந்தய எண், நான்கு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். பேச்சியம்மாளின் மகன் குருசாமிக்கு அப்படி ஒன்றும் பக்தி இல்லை.

"நல்லாப் பார்த்துக்கங்க சார். வெள்ளிக்கெழமை பழைய இரும்புக்காரர் வாராரு. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, கன்னுக்குட்டி கட்ட எடமில்ல."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. "அண்ணே, இது வரலாறுண்ணே!" என்றேன்.

"இருக்கட்டும் சார். கன்னுக்குட்டி நனையுதே."

அப்போது பேச்சியம்மாள் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, கையில் தீவனவாளி. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு வெயிட்டுக்கு உக்கார வேண்டிய பயலுக்குக் காய்ச்ச வந்துருச்சு. வெயிட்டு இல்லாம சைடு கார் தூக்கிரும். அவுக என்னையப் பார்த்தாக. நான் சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு ஏறிட்டேன். ரயில்வே கேட்ட மட்டும் அடைக்காம இருந்திருந்தா மொதப் பரிசு எங்களுக்குத்தான்" என்றவர் சட்டென்று கேட்டார்: "சத்தம் கேக்குறீகளா?"

கணவர் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியைக் கிளப்பி வைக்கிறாராம். ஒரே உதை. கொட்டகை அதிர்ந்தது, எருமைகள் பழகிப்போன முகத்தோடு அசைபோட்டன, நான் மட்டும் இரண்டடி பின்னால் குதித்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வந்த யோசனைதான் என் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. ஓடுகிற பந்தய வண்டியின் ஒலியைப் பதிவு செய்து கண்காட்சியில் போட்டால்? மற்றவர்களின் தாழியும் செப்பேடும் வாய் திறக்குமா? என் பொருள் பேசும்!

குருசாமியிடம் கெஞ்சினேன். கண்காட்சி முடிகிறவரைக்கும், அதாவது அடுத்த திங்கட்கிழமைவரைக்கும், இரும்புக்காரரை நிறுத்தி வைப்பதாக அரைமனதோடு ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

வியாழக்கிழமை, சிங்கப்பூர் மாமாவின் டேப் ரிக்கார்டரோடு போனேன். மாமா அதைத் தன் பிள்ளைகளையே தொட விடமாட்டார். வாரைக் கழுத்தில் மாட்டி நெஞ்சோடு தொங்கவிட்டுக்கொண்டேன். நான் கற்பனை செய்திருந்தது என்னவென்றால், குருசாமி மெதுவாக ஓட்டுவார், நான் ரோட்டோரம் நின்று பதிவு செய்வேன். பேச்சியம்மாளோ சேலையை வரிந்து கட்டி, தலையில் துண்டை இறுக்கி, ஏற்கெனவே வண்டி மேல் இருந்தார்.

"ஓட்டுறது நான். நீங்கதான் வெயிட்டு. ஏறுங்க வாத்தியார் தம்பி."

"அம்மா, உங்களுக்கு ஓட்ட..."

"அவுகளுக்குக் கண்ணு மங்குனப்பறம் வண்டிய யாரு ஓட்டுனதுன்னு நெனைக்கிறீக? கேட்டுக்கங்க. எடது வளைவுன்னா வெளிய தொங்கணும். வலது வளைவுன்னா என் பக்கம் சாயணும். அம்புட்டுத்தான்."

வரலாற்றுக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றி நான் வகுப்பில் உருக்கமாகப் பேசியதுண்டு. அவர்களில் ஒருவராகும் உத்தேசம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் குருசாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏறினேன். பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

முதல் இருபது விநாடி சொர்க்கம். வண்டி தெருவைத் தாண்டி கண்மாய்க் கரை ரோட்டில் ஏறியது. காற்று முகத்தில் அடித்தது, புளியமரங்கள் ஓடின, எஞ்சின் பாடியது. 'ஆகா, நான் பந்தயத்தில் இருக்கிறேன்!' என்று நினைத்தேன். அதற்குள் பேச்சியம்மாள் கியரை மாற்றினார்.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காக வரிசைப்படுத்த எனக்கு இன்னும் வரவில்லை. புளியமரங்கள் சுவர்போல ஒட்டிக்கொண்டன. சைடு காரின் அடித்தகடு வழியாக ரோடு என் உட்காரும் இடத்தோடு நேரடியாகப் பேசியது. இடது வளைவு வந்தது. "தொங்குங்க!" என்றார். சைடு காரின் சக்கரம் தரையை விட்டு எழும்பி, நான் ஆகாயத்தில் இருந்தேன். எப்படியோ பாதி உடம்பை வெளியே போட்டேன். சக்கரம் தொப்பென்று இறங்கியது. "சபாசு!" என்றார். அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. வளைவு என்றால் வெளியே தொங்குவது என்று மண்டையில் பதிந்துவிட்டது.

அடுத்தது வலது வளைவு. வளைவு முழுக்க யாரோ கொள்ளுச் செடியைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். போகிற வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ் ஏறினால் விவசாயிக்கு லாபம். நாங்கள் ஏறினோம். உருண்டை உருண்டையான கொள்ளு, அதன் மேல் மூன்று சக்கரம்.

"இங்குட்டுச் சாயுங்க!"

நான் வெளியே தொங்கினேன்.

வண்டி மூன்று முழ அகலத்துக்குப் பக்கவாட்டில் நழுவி, வாய்க்கால் கரையில் மோதி நின்றது. வண்டி நின்றது, பேச்சியம்மாள் அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், நான் மட்டும் நிற்கவில்லை. அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முழங்கால் ஆழத் தண்ணீரில் மல்லாக்க விழுந்தேன். மல்லாக்க விழுந்ததால் நெஞ்சின் மேலிருந்த டேப் ரிக்கார்டர் நனையவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது. அதிலும் என் பங்கு ஒன்றுமில்லை.

கொள்ளுக்காரர் கையில் கவைக்கம்போடு ஓடி வந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு, "மாப்ள, உசுரு இருக்கா?" என்று கேட்டார்.

வண்டிக்கு ஒரு கீறல்தான். வீட்டுக்கு வந்ததும் நாடாவைத் திருப்பி, ஆரம்பத்தை மட்டும் கேட்டேன். இருபது விநாடி கம்பீரமான எஞ்சின் சத்தம். அது போதும் என்று, பேட்டரி வீணாகக் கூடாதே என நிறுத்திவிட்டேன். (ஓர் ஆதாரத்தைக் கடைசிவரை பார்க்காதவன் வரலாற்று ஆசிரியனே அல்ல என்று பின்னாளில் ஆயிரம் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.) அதோடு நின்றேனா? கண்காட்சி அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்: 'இவ்வாகனத்தைத் துறை ட்யூட்டர் தாமே முழு வேகத்தில் ஓட்டிச் சோதித்துள்ளார்.' துறைத்தலைவர் கேட்டபோது, "வேகமெல்லாம் பழகிட்டா ஒண்ணுமில்ல சார்" என்றும் சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை, பேச்சியம்மாளே வண்டியைக் காளவாசல் வழியாகக் கல்லூரிக்கு ஓட்டி வந்தார். துணைக்கு வருகிறேன் என்று முந்தின நாள் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "நீங்க வேண்டாம் தம்பி, ஒரு மூட்டை நெல்லு ஏத்திக்கிறேன். அது கத்தாது" என்றார். கத்தியதாக எனக்கு ஞாபகமே இல்லை. வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

வண்டியைப் பார்க்கக் கூட்டம் அம்மியது. தாழி தனியாகக் கிடந்தது. துறைத்தலைவர் வந்தார், முதல்வர் வந்தார், பின்னால் பாதிக் கல்லூரி வந்தது. ஒரு மூலையில் குருசாமி கைகட்டி நின்றார், இரும்புக்காரரை மறுநாளுக்கு வரச் சொல்லிவிட்டு. நான் தொண்டையைச் செருமி, "இப்போது நீங்கள் கேட்கப்போவது வரலாறு" என்று அறிவித்துப் பொத்தானை அழுத்தினேன்.

இருபது விநாடி எஞ்சின். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு கியர் மாறியது. பிறகு ஒரு குரல்.

"அம்மா, மெதுவா... அம்மா! மெதுவாம்மா! அய்யோ முருகா! பழனிக்கு மொட்டை போடுறேன் முருகா!"

"கத்தாதீக தம்பி, தொங்குங்க!"

"எறக்கி விட்டுருங்கம்மா! எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலம்மா!"

நிறுத்தப் பாய்ந்தேன். அவசரத்தில் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகிவிட்டேன். "கத்தாதீக, சாயுங்க!" என்ற அதட்டல், கொள்ளு நொறுங்கும் சத்தம், எருமைக்கன்று போல ஓர் அலறல், தொபீர். கூட்டம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துறைத்தலைவர் என் அட்டையை ஒருமுறை படித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், மறுபடி அட்டையைப் படித்தார். தாழிக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாமா என்று நான் யோசித்தேன்.

நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சத்தம் அடங்கியதும் ஒரு சிரிப்புக் கேட்டது. பேச்சியம்மாளின் சிரிப்பு. மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கி, சின்னப் பிள்ளை போல அடக்க முடியாத சிரிப்பு. கூட்டம் மெல்ல அமைதியாகி அதைக் கேட்டது. மேசையருகே பேச்சியம்மாள் வெட்கத்தோடு வாயைப் பொத்தி நின்றார்.

குருசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"சார், அத மறுபடி போடுங்க."

"அண்ணே, நான் கத்துனதயா?"

"இல்ல சார். ஆத்தா சிரிக்கிறத. அப்பா போனதுலருந்து நான் இதக் கேக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இரும்புக்காரரை வர வேண்டாம்னு சொல்லிருறேன். கன்னுக்குட்டிக்கு வேற கொட்டகை போட்டுக்கலாம்."

துறைத்தலைவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, பட்டறைக்காரர்கள் எல்லோருடைய குரலையும் பதிவு செய்ய அனுமதி கொடுத்தார். ஒரு நிபந்தனை, வண்டியில் ஏறக் கூடாது. அந்தப் பதிவுகளில்தான் என் பிற்கால வேலை முழுதும் நின்றது. முதல் பரிசு வாங்கிய ஏழு பேரும் அதில் இருக்கிறார்கள். பேச்சியம்மாளின் ரயில்வே கேட் கதையும் இருக்கிறது.

அடுத்த வருஷம் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தம்பி எங்கள் கல்லூரியில் படித்தவன் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காபி கொடுத்த பெண் நிமிர்ந்து ஒரே கேள்விதான் கேட்டாள்.

"டேப்புல, கல்யாணம் ஆகலன்னு கத்துனது நீங்கதான?"

என் அம்மா தரையைப் பார்த்தாள். பொய் சொல்ல வழியே இல்லை, ஊரே சாட்சி. "ஆமா" என்றேன்.

"அம்புட்டுக் கத்திக் கேட்டிருக்காரு" என்று தன் அப்பாவிடம் திரும்பினாள், "பண்ணிக்கிருவோம்ப்பா."

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் எனக்கும் அவளுக்கும் ஏதாவது வாக்குவாதம் வந்தால், பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையிலிருந்து குரல் கொடுக்கிறார்கள்: "தாத்தா, கத்தாதீக, சாயுங்க!"