சூரியனைத் தைக்குத் தள்ளிவைத்தது

எசன்,
ஞாயிறு இரவு

அன்பும் மதிப்பும் நிறைந்த வைதேகி சின்னம்மாவுக்கு,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் கோயிலடியில் ஒரு தேத்தண்ணி குடித்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். நாங்கள் இங்கே நலம். நீங்களும் பேர்லினில் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இன்றைக்கு வேறு சிலரையும் வேண்டவேண்டியிருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் எனக்குச் சரியாகத் தெரியாது. அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம்.

தமிழ்ப் பாடசாலையில் உறவினருக்குக் கடிதம் எழுதப் பழக்கியபோது, போன் இருக்க இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். இப்போது என் போன் அப்பாவிடம் இருக்கிறது. அது ஏன் என்று பிறகு வரும்.

பேர்லினை விட்டு இங்கே வந்ததிலிருந்து வகுப்பில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை, சிறு வயதிலேயே சோடி சோடியாகச் சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இடைவேளையில் நான் விளையாட்டு மண்டபத்துப் படியில் இருந்து இடியப்பம் சாப்பிடுவேன். ஒருநாள் சம்பல் விழுந்து படியில் கறை பிடித்தது. மறுநாளும் அது அங்கேயே இருந்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்தக் கறைக்குப் பக்கத்தில்தான் ஒருநாள் மேர்லே வந்து இருந்தாள். அவளிடம் எப்போதும் விறகுப் புகை மணக்கும், அதனால் வகுப்பில் அவளைச் சூனியக்காரி என்பார்கள். அவளுடைய அம்மா பல் வைத்தியரிடம் வேலை செய்கிற சாதாரண அம்மாதான், ஆனால் இந்த நாட்டுக்குத் தேவாலயங்கள் வருவதற்கு முன்பிருந்த பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். வருடத்தின் மிக நீண்ட இரவில் அவர்கள் சிலர் ஒரு தோட்டத்தில் நெருப்பு மூட்டி விடியும்வரை அணையாமல் பார்ப்பார்களாம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சூரியன் திரும்பி வருமாம். இனி வேண்டாம் என்று நினைக்கிற ஒன்றை ஒவ்வொருவரும் அதில் போடலாமாம். "நீயும் வாறியா?" என்று கேட்டாள். சின்னம்மா, எசனில் ஒருவர் என்னிடம் வாறியா என்று கேட்டது அதுதான் முதல்தடவை.

வீட்டில் வீட்டுப்பாடம் என்று சொல்லிவிட்டு அந்தத் தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனேன். அங்கே எந்த நாளில் கொண்டாடுவது என்று சண்டை. "நெடுத்த இரவு எதுவோ அண்டைக்குத்தான்" என்றார் மேர்லேயின் அம்மா. "பழைய ஆக்கள் முழுநிலவு பாத்துத்தான் செய்தவை" என்றார் தொப்பி போட்ட ஒரு அன்ரி. பஸ் ஓட்டுகிற ஊவே என்பவர், "சனிக்கிழமை எண்டால் மட்டும்தான் நான் வருவன். மற்ற நாளிலை உங்கட தெய்வமோ வந்து பஸ் ஓடும்?" என்றார். எல்லாம் டொச்சு மொழியில்தான், ஆனால் எனக்கு அப்பா போகிற கோயில் கூட்டம் போலவே கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் திரும்பி, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டார்கள். எங்களிடம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது, இரண்டும் சிலவேளை வேறு வேறு நாள் சொல்லும், எது சொன்னாலும் கடைசியில் மண்டபம் கிடைக்கிற சனிக்கிழமைதான் என்றேன். எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். இந்த ஊரில் அப்படி என்னை ஒருவரும் பார்த்ததில்லை. அந்தச் சந்தோசத்தில், "என் அப்பாவுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். பேர்லினில் பால் காய்ச்ச, சாமத்தியவீடு வைக்க என்று நாள் கேட்டு எத்தனை பேர் போன் எடுப்பார்கள். இங்கே ஒருவரும் எடுப்பதில்லை. வேலையால் வந்து டிவியைப் போட்டுவிட்டு டிவியைப் பார்க்காமல் இருப்பார். வருசத்திலேயே நீண்ட இரவு எப்போது, வீட்டுப்பாடத்துக்கு வேண்டும் என்று கேட்டேன். டிவியை நிறுத்திவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"சூரியன் வடக்கை திரும்பிறது தை முதலாம் திகதி, பிள்ளை. அப்ப அதுக்கு முதல் இரவுதான் நெடுத்த இரவு."

"டொச்சுக்காரர் கிறிஸ்மசுக்கு முன்னமே எண்டினம், அப்பா."

"அவைக்கு எல்லாம் கிறிஸ்மசுக்குள்ளை முடிய வேணும். சூரியனும் அப்பிடிப் பாக்குமோ?"

இதை நான் அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். மேர்லேயின் அம்மா கண்ணை மூடி, கீழைத்தேசத்தின் ஆதி அறிவு என்றார். தொப்பி அன்ரி தனக்கு எலும்புக்குள் எப்போதோ தெரியும் என்றார். ஊவே ஜனவரியில் லீவு கேட்டார். இப்படியாக, சின்னம்மா, இந்த நாட்டின் பழைய தெய்வங்களைத் தைப்பொங்கலுக்குத் தள்ளிவைத்தது நான்தான்.

அடுத்து, மேர்லேயோடு ஒத்திகை நெருப்பு மூட்டியதில் என் ஜாக்கெட் மணத்தது. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "சிகரெட்டோ?" என்றார். வேறு தெய்வங்களுக்கு நெருப்பு வளர்த்தேன் என்று சொல்வதா, சிகரெட் என்று சொல்வதா என்று யோசித்தேன். ஓம், சிகரெட்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். பிறகு என் வாயைத் திறக்கச் சொல்லி லைற் அடித்துப் பல்லைப் பார்த்தார். அன்றுதான் போன் போனது.

வெள்ளிக்கிழமை புவியியல் பாடத்தில் பிறான்ற் ஆசிரியர் ஒரு விளக்கையும் உலக உருண்டையையும் கொண்டுவந்து, வருடத்தின் மிக நீண்ட இரவு இந்த ஞாயிற்றுக்கிழமை என்று விளங்கப்படுத்தினார். உருண்டையைச் சாய்த்துக் காட்டினார், மறுத்துப் பேச இடமே இல்லை. மேர்லே திரும்பி என்னைப் பார்த்தாள். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நான் படியில் காத்திருந்தேன். சம்பல் கறை மட்டும்தான் இருந்தது.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தால் அவர் முந்திக்கொண்டார். "உங்கட வாத்தியாரைச் சந்திக்க ஒரு டேர்மின் எடு, பிள்ளை. உத்தராயணத்தை நானே வந்து விளங்கப்படுத்திறன்." அதற்காக நீலச் சேட்டை அயன் பண்ணி அலுமாரிக் கதவில் கொழுவியிருக்கிறார். பாடசாலை லீவு என்றேன். பரவாயில்லை, சேட் இருக்கட்டும் என்றார். நீங்கள் பிழை அப்பா என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆகவே அந்த இரவு இதுதான். அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை. என் சொல்லைக் கேட்டு ஒருவரும் நெருப்பு மூட்டவில்லை. சூரியன் தானாகத் திரும்பும் என்கிறார் பிறான்ற் ஆசிரியர். பகலில் நானும் அதை நம்புகிறேன். இப்போது பயமாக இருக்கிறது. நானாவது கொண்டாடவேண்டும் என்று ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அறையில் புகைமணி இருப்பதால் யன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தேன், காற்று அணைத்துவிட்டது. திரும்பவும் கொளுத்தினேன், திரும்பவும் அணைந்தது. இனி வேண்டாம் என்று எரிப்பதற்கு ஒரு கடதாசித் துண்டில் "படிக்கட்டு" என்று எழுதியிருந்தேன். ஓரம் மட்டும் கறுத்தது.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒன்று, அந்தத் தெய்வங்கள் கோபித்தால் என்ன செய்வது என்று ஐயரிடம் என் பெயர் சொல்லாமல் கேளுங்கள். மற்றது, அப்பாவுக்குப் போன் எடுத்து, அவரே கண்டுபிடித்ததுபோல அந்த நாள் பிழை என்று மெதுவாகச் சொல்லுங்கள். அதோடு, என்னைப் பேர்லினுக்குக் கூப்பிடுங்கள். நான் சோபாவில் படுப்பேன். தம்பி கவிஷன் மிருதங்கம் அடித்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். இங்கே எனக்கு ஒருவரும் இல்லை, சின்னம்மா.

சித்தப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், கடிதத்தில் வந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். கவிஷனுக்கு ஒரு முத்தம். நீங்கள் எல்லாரும் வெளிச்சத்தோடு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
தேனுஜா

பின்குறிப்பு: கடித உறை தேடும்போது கீழே ஒரு சத்தம். தெருவில் மேர்லே கையில் லாந்தரோடு நிற்கிறாள். பின்னால் அவளுடைய அம்மாவின் கார். "போன் ஏன் எடுக்கேல்லை? வெள்ளிக்கிழமை துடக்கம் அடிக்கிறன்" என்று கத்துகிறாள். விறகு சேர்க்கத்தான் அன்று ஓடினாளாம். "அம்மா இண்டைக்கும் செய்வம், தைக்கும் செய்வம் எண்டிட்டா, உங்கட ரெண்டு பஞ்சாங்கம் மாதிரி. ஊவே வேலையிடத்திலை வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறார். உன்ரை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, தை நெருப்பு எப்பிடி எண்டு அவரிட்டைக் கேக்கவேணுமாம்." மேல்வீட்டுக்காரர் யன்னலைத் திறந்துவிட்டார். சின்னம்மா, ஐயரிடம் கேட்கவேண்டாம். அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். என்னைப் பேர்லினுக்குக் கூப்பிடவும் வேண்டாம், குறைந்தது தை முடியும்வரை. என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"பிள்ளை, கீழை ஒரு டொச்சுப் பிள்ளை நெருப்போடை நிண்டு என்னைக் கூப்பிடுது. நான் அந்த நீலச் சேட்டைப் போடட்டோ?"