மாதா லைனில் ஒரு ரேடியோ

தூத்துக்குடி,
12-3-1975, புதன்.

அன்புள்ள தம்பி வில்பிரட்டுக்கு அக்கா ஹில்டா எழுதுவது.

ஒரு ஜீப்புக்குள் எரியும் விளக்கை அணைக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் இத்தனை வருஷமாக மின்சாரப் பாடம் நடத்துகிறவள் இப்படி ஒப்புக்கொள்வது அழகல்ல, ஆனாலும் தெரியவில்லை. மற்றபடி இங்கே எல்லாரும் சுகம், உன் ஜீப்பைத் தவிர. அங்கே நீயும் உன் கப்பல் எஞ்சினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜீப் எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, தேரி மணலில்கூட நிற்காது என்று சொல்லித்தான் அதை ராணுவ ஏலத்தில் எடுத்தாய். உண்மைதான், தேரியில் அது நின்றதே இல்லை. நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

ஐப்பசிப் புயலில் உன் கப்பலைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் நாங்கள் தவித்தபோது, நம்மை வளர்த்த பிலோமி அத்தை ஒரு நேர்ச்சை செய்தார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நீ வீட்டுப் படி ஏறும்வரை உன் வண்டியில் மாதா சுரூபத்தின் முன் ஒரு விளக்கு அணையாமல் எரியும் என்பதுதான் அது. எலெக்ட்ரீசியன் இனிகோவைக் கூப்பிட்டோம். சாவி போட்டால் எரியும்படி வைத்தால் போதுமே என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "சாவிய எடுத்தா அணஞ்சிருமே டீச்சர். மாதாவ இருட்டுல வுட்டுட்டு நாம வீட்டுல லைட்டப் போட்டு சோறு திங்கவா? பேட்டரில இருந்து நேரா இழுத்துருதேன்" என்றான். பேட்டரி தீர்ந்துபோகாதா என்று கேட்டேன். "மாதா இருக்கையில எப்படித் தீரும்?" என்றான். அந்த நேர்க் கம்பிக்கு அன்றே மாதா லைன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விளக்கோடு நின்றிருந்தால் குற்றமில்லை. அந்தச் சின்ன பல்பு குடிப்பது சொற்பம். ஆனால் தபசுக்காலம் பிறந்தது. விபூதிப் புதனன்றே அத்தை வீட்டு ரேடியோவைத் துணி போட்டு மூடி, ஈஸ்டர் வரை சினிமாப் பாட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். உன் அத்தான் ஹென்றி சரி என்று தலையாட்டினார். மறுநாளே ஜீப்பில் ஒரு ரேடியோ இருந்தது. "தனியா எதுக்குலே வயரு? மாதா லைன்லயே சேத்துரு" என்று இனிகோவிடம் சொன்னாராம். ரேடியோ கேட்கும்போது வேர்க்கிறது என்று ஒரு விசிறியும் அதே லைனில் சேர்ந்தது. இப்போது சாப்பிட்டதும் மனிதர் ஜீப்பில் போய்ப் படுத்து, விசிறிக் காற்றில் இலங்கை வானொலி கேட்டுக்கொண்டே தபசு காக்கிறார். விடிந்தால் செல்ஃப் எடுக்காது. தெருக்காரர்கள் வந்து தள்ளுவார்கள். ஆனால் செல்ஃப் எடுக்காத பேட்டரிக்கும் ஒரு சின்ன பல்பை எரிக்கத் தெம்பு இருக்கும். அதனால் வண்டி செத்துக் கிடக்க, விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இதை அத்தை மாதாவின் புதுமை, அற்புதம் என்கிறார். பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தும் வருகிறார்கள்.

ஃபியூஸை எடுத்துவிடலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "மாதாவோட ஃபியூஸையா புடுங்கப் போற?" என்று உன் அத்தான், ரேடியோவின் சொந்தக்காரர், கேட்டார். சரி, ரேடியோக் கம்பியை மட்டும் வெட்டு என்றேன் இனிகோவிடம். மூன்றையும் சேர்த்து ஒரே முடிச்சாக டேப் சுற்றியிருக்கிறான், எல்லாம் சிவப்புக் கம்பி. "எது மாதாவோடது, எது அண்ணாச்சியோடதுன்னு எனக்கே தெரியல டீச்சர். தப்பித் தவறி வெட்டிட்டா பாவம் எனக்கா உங்களுக்கா?" என்றான். பங்குச் சாமியாரிடம் போனேன். நேர்ச்சை செய்தவர்தான் விடுவிக்க வேண்டும், இருந்தாலும் நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று வந்தார். செய்தி மட்டும் கேட்பதாகச் சொல்லிச் சாமியார் ஜீப்பில் உன் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செய்தி நெடுநேரம் ஓடியது. இறங்கும்போது, விசிறி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியதுதான், அத்தையின் கண் நடுவில் இல்லாவிட்டால். புரை முற்றிவிட்டது. பாளையங்கோட்டை டாக்டர் போன மாதம் ஆபரேஷனுக்கு ஒரு நாள் குறித்தார். அன்று விடியற்காலம் வண்டி கிளம்பவில்லை. தள்ளுகிற ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போயிருந்தார்கள். வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றால், "ஏளா, எம் புள்ள வண்டிய வுட்டுட்டு எவன் கார்லயோ போயி நான் கண்ணத் தெறக்கணுமா?" என்று கேட்டு அத்தையே இறங்கித் தள்ளத் தொடங்கிவிட்டார். அவரும் நானும் தள்ள, உன் அத்தான் ஸ்டியரிங் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் வேகமா, பிலோமி அத்தை!" என்று உற்சாகப்படுத்தினார். தெருமுனை வரை போனோம், அவ்வளவுதான். நாளை வியாழன், இரண்டாவது தேதி. இதையும் விட்டால் டாக்டர் கோடை கழிந்துதான் திரும்புவார். அதுவரை கண் தாங்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆகவே இன்று கல்லூரிக்கு லீவு போட்டு, இனிகோவை என் முன்னால் உட்காரவைத்து முடிச்சை அவிழ்த்தேன். மாதா விளக்குக்கு மட்டும் பின்சீட்டின் அடியில் தனியாக ஒரு ஸ்கூட்டர் பேட்டரி. ரேடியோவும் விசிறியும் இனி சாவி போட்டால்தான் ஓடும். சாவி என் கைப்பையில். விளக்கு ஒரு நொடியும் அணையாமல் கம்பியை மாற்றினோம். அத்தை பக்கத்தில் நின்று ஜெபமாலை சொன்னார். பக்திக்கு ஒரு பேட்டரி, சினிமாப் பாட்டுக்கு ஒரு பேட்டரி. இதை முதலிலேயே செய்திருக்கலாம், யாராவது என்னைக் கேட்டிருந்தால்.

இன்னும் ஆறு மாதம் கப்பலில் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஒப்பந்தத்தை நீட்டிக்கொள். இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. அத்தையின் முத்தங்கள், உன் அத்தானின் விசாரிப்பு, இனிகோவின் தோத்திரம். ஆண்டவர் உன்னையும் உன் எஞ்சினையும் காப்பாராக.

உன் அக்கா,
ஹில்டா

பின்குறிப்பு: நேற்றே தபாலில் போட வேண்டிய கடிதம் கைப்பையிலேயே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன். காலையில் முதல் திருப்பிலேயே ஜீப் கிளம்பியது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டு அவிழ்க்கச் சில நாளாகும். மாற்றுப்புடவை எடுக்க ஜீப்புக்குப் போனேன். உன் அத்தான் விசிறிக்கு அடியில் அயர்ந்து தூங்குகிறார். விசிறி சுற்றவில்லை, ரேடியோ பாடவில்லை, விளக்கும் எரியவில்லை. சாவியை நான் கொண்டுபோய்விட்டதால் விசிறி, ரேடியோ இரண்டின் கம்பியையும் கையால் முறுக்கி மாதா பேட்டரியில் மாட்டியிருக்கிறார். எழுப்பினேன். "நல்லாத்தான் பாடிட்டிருந்துச்சு ஹில்டா, திடீர்னு நின்னுட்டு" என்றார்.

திரும்பி வந்ததும் அத்தை கேட்டார்: "ஏளா, விளக்கு எரியுதா?" எரிகிறது அத்தை என்றேன். "அப்பம் புள்ள பத்திரமாத்தான் இருக்கான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு ஸ்கூட்டர் பேட்டரி தீர்ந்ததற்கும் நடுக்கடலில் இருக்கும் உனக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தத்தைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இது கிடைத்த அன்றே, சுகம் என்று ஒரு வார்த்தை தந்தி அடி. கல்லூரி முகவரிக்கு அடி. வீட்டுக்கு வந்தால், நான் ஏன் கேட்டேன் என்று உன் அத்தான் கேட்பார்.