‘ம்’ கொட்டாமல் கேட்பது எப்படிங்க மாமா?

கோயமுத்தூர்,
புதன்கிழமை

மேட்டுப்பாளையம் காய்கறி மண்டி அமிர்தராஜ் மாமா அவர்களின் சமூகத்துக்கு, அக்கா மகள் டீனா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பையன் ஆல்வினும் என் மாமியார் சூசைமேரி அத்தையும் மாதாவின் தயவால் சுகம். அயர்லாந்தில் உங்கள் மாப்பிள்ளை வின்ஸ்டனும் சுகம், குளிர் மட்டும்தான் ஆகவில்லையாம். அங்கே உங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டிய இடத்தில் உங்கள் கோபத்தை விசாரிக்க வேண்டியதாகிவிட்டது. கொஞ்சமாவது தணிந்ததுங்களா?

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் அரைமணி நேரம் பேசினீர்கள். நான் ஒரு ‘ம்’ சொல்லவில்லை. ‘ஆமாங்க’ இல்லை, ‘அப்படீங்களா’ இல்லை, கடைசியில் “சேரி அம்மணி, வெச்சர்றேன்” என்றபோது ‘சரிங்க மாமா’ என்றுகூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. தாய்மாமன் பேசப்பேசக் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தவளிடம் (நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை) யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் மாமா, அது கோபமும் இல்லை, கொழுப்பும் இல்லை. பரீட்சைக்குப் பயிற்சி.

நர்ஸ்களுக்கான அந்த ஆங்கிலப் பரீட்சையில் போன தடவை பேசுவது, படிப்பது, எழுதுவது எல்லாம் தேறி, காதால் கேட்பதில் மட்டும் கோட்டை விட்டேன் அல்லவா? ஏன் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு பதிவைப் போடுவார்கள். ஒரே தடவைதான் ஓடும். அதில் ஒரு பெரியவர் டாக்டரிடம் முட்டிவலி என்கிறார், படி ஏற முடியவில்லை என்கிறார், பெண்சாதி போன பிறகு தனியாகத்தான் இருக்கிறேன் என்கிறார். ஒரு மனிதர் இத்தனையும் சொல்லும்போது ‘ஐயோ பாவமே, எப்போதிருந்துங்க?’ என்று கேட்காமல் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க எப்படிங்க முடியும்? நான் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த கேள்விக்கான பதிலையும் சொல்லி முடித்து டாக்டருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

பயிற்சி வகுப்பிலும் இதே கதைதான். யாஸ்மின் மிஸ் பொறுமைசாலி. அவங்களே ஒருநாள் பதிவை நிறுத்தி, “டீனா, வாயை மூடிட்டுக் கேளுங்க” என்றார்கள். “மூடித்தானுங்க மிஸ் ‘ம்’ சொன்னேன்” என்றேன். வேண்டுமானால் நீங்களே சொல்லிப் பாருங்கள் மாமா, வாயைத் திறந்துகொண்டு ‘ம்’ சொல்ல முடியாது. வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. “பேசறவங்களுக்கு நீங்க ம் கொட்டறது மரியாதை. பதிவுக்கு மரியாதை வேண்டாம். வீட்ல எல்லார்கிட்டயும் ம் கொட்டாமக் கேட்டுப் பழகுங்க” என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் பழகுவது லேசா? ஒருநாள் சமையலறையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அதே முட்டிவலிக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் “அப்படீங்களா… ராத்திரியில தூக்கம் வருதுங்களா?” என்று கேட்டுவிட்டேன். திரும்பினால் அத்தை, கையில் கரண்டியோடு நிற்கிறார்கள். “ஆருகிட்டடி இத்தன கனிவாப் பேசற? எம் பையன்கிட்டக்கூட இப்புடிப் பேசி நாங் கேட்டதில்லயே” என்று ஒயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார்கள். ஒரு நிமிடம் கேட்டார்கள். முகம் மாறிவிட்டது. “வயசான மனுசனாட்ட இருக்குது, என்னவாம்?” என்றார்கள். முட்டி என்றேன். “நொச்சித்தழைய வதக்கி ஒத்தடம் குடுக்கச் சொல்லு கண்ணு, பாவம்” என்றார்கள். அடுத்த வாரம் மாதிரித் தேர்வில் ‘நோயாளி எதை வைத்து வலியைக் குறைத்துக்கொள்கிறார்?’ என்ற கேள்விக்குச் சரியான விடை ஐஸ் பை. நான் இங்கிலீஷ் எழுத்தில் ‘நொச்சி’ என்று எழுதியிருந்தேன்.

பிறகு வைராக்கியமாக வாயைக் கட்டினேன். அதனால் நடந்ததைக் கேளுங்கள். வின்ஸ்டன் கூப்பிட்டால் அவர் பாட்டுக்குப் பேசுகிறார், நான் மௌனம். “ஹலோ? டீனா? கேக்குதா?” என்று வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுகிறார். சிம்மை மாற்றினார், வைஃபை பெட்டியை மாற்றினார், இப்போது கூடத் தங்கியிருப்பவரோடு சண்டை போட்டு ஜன்னலோரக் கட்டிலையும் மாற்றிக்கொண்டாராம். பூசையில் சாமியார் சொல்வதற்கு ஊரே பதில் சொல்ல, நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்துப் பெண்கள், நான் எந்தச் சபைக்கு மாறப்போகிறேன் என்று அத்தையிடம் ஜாடையாகக் கேட்டிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே ஆல்வின். நாய், காக்கா, பால் என்று அவன் மழலையில் சொல்லிக்கொண்டே வருவான், நான் ‘ம், ம்’ என்பேன், அவனும் ‘ம்’ என்பான். நான் நிறுத்தியதும் அவனும் நிறுத்திவிட்டான். கூப்பிட்டால் பேசாமல் பார்க்கிறான். காது கேட்கவில்லையோ என்று பயந்துவிட்டேன். நானே நர்ஸ்தான், ஆனால் சொந்தப் பிள்ளை என்றால் படித்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறதே. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் கிலுகிலுப்பை ஆட்டினார், பின்னாலிருந்து கை தட்டினார், காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நிறையப் பேசினார். டாக்டர் பேச்சைக் கேட்பதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா என்று நான் மூச்சுக் காட்டாமல் கவனித்தேன். அவர் நிறுத்தி என்னையே உற்றுப் பார்த்தார். அப்புறம் ரொம்பச் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, “அம்மா, கொழந்தைக்குக் காது நல்லாருக்குதுங்க. உங்களுக்கு எத்தன நாளா இப்படி இருக்குதுங்க?” என்றார். என் காதைக் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இத்தனை பாடும் எதற்கு மாமா? இந்தத் தடவை தேறாவிட்டால் அயர்லாந்து ஆஸ்பத்திரி எனக்காக வைத்திருக்கும் இடம் போய்விடும். நாங்கள் இங்கே, அவர் அங்கே. ஆல்வினுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கும் ஒரு தட்டையான ஆள். போன வாரம் போனைத் திருப்பி அதன் முதுகில் அப்பாவைத் தேடினான். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பரீட்சை வருகிற சனிக்கிழமை. அத்தை அன்றைக்குக் கருமத்தம்பட்டியில் தங்கச்சி பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்குப் போயாக வேண்டும். ஆல்வின் அழாமல் இருப்பது உங்கள் மடியில் மட்டும்தான். நீங்கள் வராவிட்டால் நான் பரீட்சை எழுத முடியாது.

ஞாயிறன்று நீங்கள் பேசியதை நான் கவனிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால், ‘ம்’ கொட்டாமல் இருப்பதிலேயே குறியாக இருந்ததில் மூன்று வார்த்தைதான் காதில் விழுந்தது. தேங்காய், ஆஸ்பத்திரி, சனிக்கிழமை. மூன்று நாளாகக் கோடிட்ட இடத்தை நிரப்பிப் பார்க்கிறேன், எப்படி நிரப்பினாலும் யார் தலையிலோ தேங்காய் விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, சனிக்கிழமை நீங்கள் கூட இருக்க வேண்டும் என்றுதான் வருகிறது. யார் தலை மாமா? உங்கள் தலையாக இருக்கக் கூடாதென்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.

காய் எடுக்க மண்டிக்கு வரும் சாஜித் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தை மண்டியிலேயே எடை போட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். மாதா உங்கள் தலையையும் அடிபட்ட அந்த இன்னொரு தலையையும் காக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்,
டீனா

பின்குறிப்பு (சனிக்கிழமை சாயங்காலம்): கடிதம் என் பையிலேயே இருக்கிறது. சாஜித் அண்ணன் வந்து வாசலில் “ஏனுங்க, ஏனுங்க” என்று கூப்பிட்டார். நான் பயிற்சியில் இருந்தேன், குரல் கொடுக்கவில்லை. வீட்டில் ஆளில்லை என்று போய்விட்டார். ஆனால் இன்று விடிந்ததும் நீங்களே ஒரு மூட்டையோடு வாசலில் நிற்கிறீர்கள்! “நாந்தான் அன்னைக்கே சொன்னனே கண்ணு, சனிக்கெழம நானே வாரேன், ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பலதான உம்பட பரீட்ச சென்டரு, வரப்பத் தேங்கா கொண்டாரேன்னு” என்றீர்கள். கோபமா என்று கேட்டால், “எனக்கென்ன கோவம்? முட்டக்கோசு மூட்டையோட போனு பாலக்காட்டுக்குப் போயிருச்சு. நான் பேசறப்ப நீ ம் கொட்டறயா இல்லியான்னு நா எப்பப் பாத்தேன்?” என்கிறீர்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பரீட்சை நல்லபடியாக முடிந்தது. கூடத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பதிவைப் போட்டார்கள். இந்தத் தடவை ஒரு அம்மாவுக்கு முதுகுவலி. நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். சுற்றிப் பார்த்தால் அத்தனை பேரும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள், அத்தனை தலையும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். தாளை வாங்கிய பிறகு ஒலிபெருக்கி இங்கிலீஷில் நன்றி சொன்னதும் கூடமே ஒரே குரலாக “இருக்கட்டுங்க!” என்றது. கண்காணிப்பாளர் குரலும் அதில் இருந்தது.

எழுதியதை வீணாக்க மனமில்லாமல் இதை உங்கள் பையில் போட்டுவிடுகிறேன். இதோ, இதை எழுதும்போதும் நீங்கள் எதிரில் உட்கார்ந்து, மடியில் ஆல்வினை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் ஆசை தீர ‘ம்ங்க, ம்ங்க’ என்கிறேன், ஆல்வினும் ‘ம்’ என்கிறான். என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் தயவுசெய்து பதில் கடிதத்தில் எழுதிவிடுங்கள் மாமா.