ஏழு தாளை ஒரு தாளாக்கிய ஐயா

ஒரு குளியலறை வாளிக்கு விண்ணப்பப் படிவம் அடித்து வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் லொட்ஜில், எனக்கு அடுத்த அறையில் இருந்தார்.

சொந்தப் பெயர், லொட்ஜில் தங்க எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ஒற்றைத்தாளார். வவுனியாப் பக்கம் விவசாயிகளுக்கான கமநல அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மானிய உரம் எடுக்க விவசாயி ஏழு தாள் நிரப்ப வேண்டும். அதை ஒரு தாளாக்கியே தீருவேன் என்று கொழும்புக்கு வந்து, மூன்று மொழியிலும் தாள் அடித்து, மாதம் தவறாமல் மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பதில் வந்ததே இல்லை. ஆகவே எங்களில் பரிசோதித்தார். வாளி அவருடையது. வேண்டுமென்றால் நாலு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: பெயர் என்ன, எங்கே பாவிப்பீர், எப்போது தேவை, வேறு ஏதும் கஷ்டம் உண்டா?

"ஐயா, வேலைக்கு நேரம் போகுது, வாளியைத் தாங்கோ!"

"நாலாவதுக்குப் பதில் எழுதேல்லை, தம்பி."

"நீங்கள்தான் கஷ்டம்!"

"அப்ப அதை எழுதும்."

எழுதினேன். 'அனுமதிக்கப்பட்டது' என்று கையெழுத்து வைத்து வாளியைத் தந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரைத் தேடி வவுனியாவிலிருந்து கந்தையா என்ற விவசாயி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பயிர் மஞ்சளாப் போச்சுது ஐயா. நாளைக்கு வெளிக்கிடுற லொறியில உரம் ஏறாட்டி இந்தப் போகம் அவ்வளவுதான்."

யூரியாவில் வெடி செய்யலாம் என்பதால், அந்தச் சொல்லைக் கேட்டாலே லொட்ஜ் மனேஜர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிற யுத்த காலம் அது. வடக்கே ஒரு மூட்டை போவதற்கும் கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும். கந்தையாவிடம் ஆறு தாள் சரியாக இருந்தது. ஏழாவதில், விண்ணப்பதாரியை நேரில் அறிந்த அரச உத்தியோகத்தர் ஒருவர் ஒப்பமிட வேண்டும். ஊர்க் கிராம சேவகர் இடம்பெயர்ந்து எங்கே போனார் என்றே தெரியாது.

"இந்த விசர்த் தாளைக் கொண்டு வந்தவன் ஆர்?" என்றேன் நான்.

ஒற்றைத்தாளார் குனிந்து செருப்பைத் தேடினார். "நான்தான் தம்பி. கள்ள விண்ணப்பத்தைத் தடுக்க எண்டு நான்தான் எழுதிக் குடுத்தனான். அது இல்லை எண்டு எத்தினை பேரைத் திருப்பி அனுப்பினனான்..."

கட்டிலின் கீழே கிடந்த செருப்பை நான் எடுத்துக் கொடுத்தேன்.

உர அனுமதிக் கவுண்டர் மூன்று மணிக்கு மூடிவிடும். ஒப்பம் இல்லாமலே கேட்டுப் பார்ப்போம் என்று, சிங்களம் தெரிந்த என்னையும் இழுத்துக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். காலி வீதிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பையைத் திறந்தார். ஏழு தாளிலும் யூரியா. பக்கத்தில் வவுனியா அடையாள அட்டையோடு ஒரு மனிதர். 

அங்கிருந்த இராணுவ அதிகாரி கந்தையாவை இரண்டு மணித்தியாலம் விசாரித்தார். தகப்பன் பெயர், வயலின் எல்லை, வாய்க்கால் வரும் திசை, மாட்டின் நிறம் வரைக்கும் கேட்டார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். "ஏன் அடிக்கடி நேரம் பார்க்கிறாய்?" என்று சிப்பாய் கேட்டார். அதற்குப் பிறகு நான் என் கைப்பக்கமே திரும்பவில்லை.

அப்போதுதான் ஒற்றைத்தாளார் தன் ஒற்றைத்தாளை எடுத்து நீட்டினார். அதிகாரி சிங்களப் பகுதியை வாசித்தார். அந்தத் தாளை முழுக்க வாசித்த முதல் அரச உத்தியோகத்தர் அவர்தான். "என் அப்பாவும் அந்த ஏழு தாளோடுதான் அலைகிறார்" என்றார் மெல்ல.

ஒற்றைத்தாளார் விடவில்லை. ஏழாவது தாளையும் மேசையில் வைத்தார்.

"தம்பி, இதைச் சொல்லும். இவர் அரச உத்தியோகத்தர்தானே? ரெண்டு மணித்தியாலமாக் கந்தையாவைத் துருவித் துருவிக் கேட்டவர். இவரை விட அவரை ஆருக்கு நல்லாத் தெரியும்?"

தொலைந்தோம் என்று நினைத்தபடியே மொழிபெயர்த்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார். கந்தையாவைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து ஒப்பமிட்டார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஏழு தாளும் கவுண்டருக்குள் போயின. மறுநாள் லொறியில் உரமும் போனது.

ஒற்றைத்தாளாரின் தாளை மட்டும் கடைசிவரை யாரும் ஏற்கவில்லை. லொட்ஜை விட்டுப் போகும்போது வாளியை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். சில வருடங்களில் அவர் காலமான செய்தி வந்தது.

அதற்குப் பிறகு நானும் எத்தனையோ படிவம் நிரப்பிவிட்டேன். வேறு ஏதும் கஷ்டம் உண்டா என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால், நீங்கள் இல்லாததுதான் ஐயா என்று எழுதுவேன்.