பார்லிக்கு வம்சம் பார்த்தவர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்களும் உண்டு. இரண்டிலும் சேராத ஓர் இனம் இருக்கிறது: பழகிக்கொண்டே இருக்கிறவர்கள். அசல் மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கமுள்ள சின்னத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வாருங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் அதன் பொறுப்பதிகாரி நாகலிங்கம்.

எந்தச் செடிக்கு எது தாய், எது தகப்பன் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் ஒன்று நிலையத்துக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. வந்த அன்றே நாகலிங்கம் கட்டளை போட்டார்: "இனி ஒருத்தரும் கொப்பியில எழுதக் கூடாது. எல்லாம் இதுக்குள்ளதான்." சரி, உள்ளே போட்டாரா? அவசரப்படாதீர்கள். பழக வேண்டாமா?

பழகுவதற்கென்றே மென்பொருளோடு மாதிரித் தரவும் வந்திருந்தது. ஏதோ குளிர்தேசத்துப் பார்லி. மனிதர் அதில் விழுந்தார். பார்லிக்குத் தாயைச் சேர்த்தார், அழித்தார், தகப்பனை மாற்றினார், பேரன் பேத்திகளை வரிசைப்படுத்தினார், வம்ச மரத்துக்குப் பச்சை அடித்தார், பிடிக்காமல் நீலம் அடித்தார், மாதிரியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் கம்பனிக்கு ஈமெயில் போட்டார், அவர்கள் அனுப்பிய நன்றியைப் பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். சொந்த மச்சானின் பிள்ளைகள் பெயரைக் கேட்டால் விழிக்கிற மனிதர், பார்லியின் பூட்டனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

வெளியே நர்சரிக்குப் பொறுப்பாக இருந்தவர் விஜயகலா. பூவுக்குப் பூ மகரந்தம் தடவி, வறட்சி தாங்கும் தேயிலைக்காக அவர் இரண்டு வருஷம் பாடுபட்டு உண்டாக்கிய கன்றுகள் அங்கே நின்றன. கொப்பிக்குத்தான் தடையாயிற்றே! தாய் தகப்பன் விபரமெல்லாம் கன்றுப் பைகளில் செருகிய பிளாஸ்டிக் அட்டைகளில் மட்டும். சப்ரகமுவ மாகாணத்து மழைக்கு எந்த மை நிற்கும்?

"சேர், எழுத்து மங்கிக்கிட்டு வருதுங்க. இன்னைக்காவது ஏத்திருவோமா?"

"ஹரி ஹரி, சரிம்மா, ஏத்துவோம். இன்னும் கொஞ்சம் கை பழகட்டும்."

"அப்ப போன்ல படமாவது எடுத்து வைக்கட்டுங்களா?"

"ஐயோ, வேணாம்! ரெண்டு இடத்துல வச்சா குழம்பிரும்."

உண்மையைச் சொன்னால் மனிதருக்குப் பயம். பார்லியில் பிழைவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். தேயிலையில் விட்டால் பதில் சொல்ல வேண்டுமே!

பிறகு மழை பிடித்தது. ஒரு வாரம் விடவேயில்லை. விஜயகலா கை நிறைய வெறும் அட்டைகளோடு உள்ளே வந்தார். ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை. தாய் தகப்பன் தெரியாத கன்றைச் சோதனை வயலில் நட விடமாட்டார்கள். அள்ளிக் கொட்ட வேண்டியதுதான்.

"ரெண்டு வருஷம் சேர்," என்றார்.

நாகலிங்கம் உண்மையாகவே வருந்தினார், பாவம். ஆனால் இந்த இனத்தின் வருத்தம் பிளேன்டீ ஆறும்வரைக்கும்தான்.

"மனச விட்டுறாதம்மா. புது வேர்ஷன் வந்திருக்கு, பாரு. இன்னைக்கே பழகத் தொடங்கிர்றேன்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இங்கிலீஷ் பேசப் பழகிவிட்டு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் நீங்கள்தானே? தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்கக் கண்ணாடி முன்னால் இன்னும் ஒத்திகை பார்க்கிறவரும் நீங்கள்தானே? பழகுங்கள், பழகுங்கள். வெளியே யாரோ நனைந்துகொண்டு நிற்கிறார், நிற்கட்டும்.