ஓவோயேயின் எட்டுக் கிலோ

மூன்று உருண்டை இயானில் ஒன்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓவோயே கை கழுவ எழுந்தார். உரலில் இடித்துத் திரட்டிய இந்தக் கிழங்கு என்றால் நைஜீரியாவின் எக்கிட்டிக்காரர்களுக்கு உயிர். அவர்களில் ஒருவர் எகுசி விதைக் குழம்போடு வந்த உருண்டையை மிச்சம் வைத்தால் வீட்டில் பூகம்பம் வராமல் என்ன செய்யும்?

அவர் கஷ்டம் அவருக்கு. இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ குறையாவிட்டால் அபுஜா பஸ் ஸ்டீயரிங்கை மறந்துவிட்டு டிக்கெட் கவுண்டரில் உட்கார வேண்டியதுதான் என்று கம்பெனி டாக்டர் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். பத்தொன்பது வருஷம் நெடுஞ்சாலையில் ராஜாவாகப் போனவர், கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கிழிப்பதா? மனைவி அபிகேயிடமும் சொல்ல முடியாது. புருஷன் இளைத்தால் தெருவே பெண்டாட்டியைத்தான் ஏசும். அதற்கு அவள் சம்மதிப்பாளா?

அபிகே தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“யார் வீட்டுல சாப்பிட்டீங்க, டெனியோலா அப்பா?”

“எங்கயும் இல்ல. பசிக்கல.”

“உங்களுக்கா?”

அந்த ஊரில் புருஷன் சாப்பாட்டை மிச்சம் வைத்தால் மனைவிக்கு அவன் வயிற்றைப் பற்றிக் கவலை வராது. வேறொருத்தியின் அடுப்பைப் பற்றித்தான் வரும். டிப்போவில் ஒரு டிரைவருக்குப் பிறந்தநாள், அங்கே கொஞ்சம் சாப்பிட்டேன் என்று ஓவோயே சமாளித்தார். சமைத்தது யார் என்று அபிகே கேட்டாள். அவசரத்துக்கு ஒரு பெயரும் அவர் வாயில் வரவில்லை. அதுவே சாட்சியாகிவிட்டது.

சரி, நடந்து குறைப்போம் என்று மறுநாள் மாலையே கிளம்பினார். வியர்வை நாறக் கூடாதே என்று கொஞ்சம் சென்ட் அடித்துக்கொண்டது வினையாயிற்று. நாற்பத்தெட்டு வயதில் மணக்க மணக்கப் புறப்படுகிறவரை எந்த மனைவி சும்மா விடுவாள்? அபிகேயும் செருப்பை மாட்டிக்கொண்டு காவலுக்கு வந்தாள். எங்கேயும் நிற்கவிடாமல் சுற்று வழியாகவே நடத்தினாள். ஒரு மணி நேர நடை ஒன்றரை மணி நேரமாயிற்று.

அதோடு விட்டாளா? அண்ணன் கயோடேயை வரவழைத்தாள். அவர் ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா. உட்காரும்போதே தீர்ப்போடு உட்காருகிறவர்.

“மாப்பிள்ளை, வேற அடுப்பு இல்லைன்னா தினமும் இவ கண்ணு முன்னாடி மூணு உருண்டையும் உள்ள போகணும். ஒண்ணு மிஞ்சினாலும் எங்க குடும்பமே கிளம்பி வரும்.”

“வேற அடுப்பு இல்ல மச்சான்.”

“அப்ப சாப்பிடுங்க.”

சாப்பிட்டார். அந்த வெள்ளிக்கிழமை முதல் மூன்று நான்கானது. வேலை போகிறதே என்று மனம் அழுதது. நாக்கு மட்டும் கொண்டாடியது. இயானை யாரும் மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து வழுக்கிவிட வேண்டியதுதான். விரலில் உருட்டிப் பார்த்தே கிழங்கு எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு பெருமை உண்டு. இது இகோலே பக்கத்துக் கிழங்கு, வேறெங்கும் இப்படி விளையாது என்று ஒவ்வொரு வேளையும் அடித்துச் சொன்னார். அபிகே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

எடை பார்க்கும் நாள் வந்தது. டிக்கெட் கவுண்டர் நாற்காலி கண்ணில் ஆட, ஓவோயே கண்ணை மூடிக்கொண்டு மேடையில் ஏறினார். ஒன்பது கிலோ குறைந்திருந்தது. டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, மறுபடி அவரை ஏற்றினார். அதே ஒன்பது.

“என்னதான் சாப்பிட்டீங்க?”

“தினமும் நாலு உருண்டை இயான், டாக்டர். எகுசியோட.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

டிப்போவில் திருவிழாதான். டிரைவர்கள் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். ஒன்பது கிலோ குறைந்தும் நாலு பேர் தேவைப்பட்டது. ஓவோயே பஸ் படியில் நின்று பிரசங்கமே செய்தார். பட்டினி கிடப்பதெல்லாம் ஏமாற்று, எக்கிட்டி மண்ணின் கிழங்கைப் போல உடம்பை இளைக்க வைக்கும் மருந்து உலகத்தில் கிடையாது, என்னைப் பாருங்கள் என்றார். இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். அவர் ஆசை தீர ஹாரனை அழுத்தினார். அத்தனை சந்தோஷம் அவருக்கு.

சந்தேகப்பட்டாலும் வயிறாரப் போட்டவள் அபிகேதானே என்று மனம் இளகியது. திரும்பும் வழியில் சந்தைக்குப் போய், அவள் வழக்கமாக வாங்கும் கடையில் இருப்பதிலேயே பெரிய கிழங்காகப் பொறுக்கினார்.

கிழங்குக்காரி அதைத் துடைத்துக் கையில் கொடுத்தபடி சொன்னாள்: “அப்பாடா, உங்க வீட்டுக்கு மறுபடியும் கிழங்கு போகுதா, டெனியோலா அப்பா? உங்க சட்டைப் பையில டாக்டர் சீட்டைப் பார்த்ததுலேர்ந்து, ரெண்டு மாசமா உங்க வீட்டம்மா பக்கத்துக் கடை முட்டைக்கோஸைத்தானே வாங்கிட்டுப் போய் உரல்ல இடிச்சாங்க.”